ஒன்பது நாளாகத் தம்பியிடமிருந்து போன் இல்லை

கேள்வி: என் தம்பி அமெரிக்காவில், டெக்சாஸ் மாநிலத்தில் ஹூஸ்டன் பக்கத்தில் கேட்டி என்ற ஊரில் தங்கிக் கணினி வேலை பார்க்கிறான். அப்பா போன பிறகு நான்தான் அவனை வளர்த்தேன். ஒன்பது நாளாக அவனிடமிருந்து போன் இல்லை. கூடத் தங்கியிருக்கும் பையன், “சனிக்கிழமை இரவு போலீஸ் கூட்டிக்கொண்டு போனது, அதற்கு மேல் எனக்குத் தெரியாது அக்கா” என்றான். இப்போது அவனும் போனை எடுப்பதில்லை. இன்டர்நெட்டில் தேடியபோது டெக்சாஸ் கைதிகள் பதிவேடு என்று ஒரு பக்கம் வந்தது. தம்பி பெயரைப் போட்டால் ‘பதிவு கிடைத்துள்ளது’ என்று காட்டுகிறது; பார்க்க 30 டாலர் கேட்கிறது. கட்டலாமா? அவன் எங்கே இருக்கிறான் என்று எப்படித் தெரிந்துகொள்வது? அவனுக்குப் பெண் பேசி வைத்திருக்கிறோம். இது அவர்கள் கண்ணில் படுமா?
- ஒரு வாசகி, கும்பகோணம்

அன்புள்ள சகோதரிக்கு,

அந்த 30 டாலரைக் கட்டாதீர்கள். கடிதம் வந்த அன்றே உங்களுக்குத் தனியாக எழுதியதில் முதல் வரியாக இதைத்தான் எழுதினேன். இதே நிலையில் தவிக்கும் மற்றக் குடும்பங்களுக்காக இங்கே விரிவாகச் சொல்கிறேன். நீங்கள் பார்த்தது அரசாங்கத்தின் பக்கம் அல்ல. இத்தகைய பக்கங்கள் பலவற்றில் எந்தப் பெயரைப் போட்டாலும் ‘பதிவு கிடைத்துள்ளது’ என்றுதான் வரும். உங்கள் பெயரைப் போட்டாலும் வரும். கார்டு எண்ணைக் கொடுத்த பிறகு மாதாமாதம் பணம் பிடிப்பதும் உண்டு.

உண்மையான பதிவு இலவசம். ஒருவரைப் பிடித்து அடைத்தால் அவர் பெயர், வயது, குற்றச்சாட்டு, ஜாமீன் தொகை ஆகியவை எவரும் கேட்டுப் பெறக்கூடிய தகவல் என்பது டெக்சாஸ் சட்டம். 1975-இல் ஹூஸ்டன் க்ரானிக்கிள் நாளிதழ் மாநகராட்சிக்கு எதிராக நடத்திய வழக்கில் இது தெளிவாகத் தீர்க்கப்பட்டது. பிறகு மாநிலத்தின் பொதுத் தகவல் சட்டத்திலும் இடம்பெற்றது. இருபது ஆண்டுகளுக்கு மேலாக டெக்சாஸில் வழக்கறிஞராகக் குற்றவியல் வழக்குகள் நடத்துகிறேன். இந்தச் சட்டத்தை நான் மிக உயர்வாக மதிக்கிறேன். அரசு ஒருவரைப் பிடித்துக்கொண்டு போய், எங்கே வைத்திருக்கிறோம் என்று சொல்லாமல் இருக்கக் கூடாது. கும்பகோணத்தில் இருக்கும் அக்காவுக்கும் கேட்கும் உரிமை உண்டு.

இனி, எங்கே தேடுவது என்பதற்கு வருகிறேன். ‘ஜெயில்’, ‘பிரிசன்’ இரண்டையும் நாம் சிறை என்ற ஒரே சொல்லால் சொல்லிவிடுகிறோம். இங்கே அவை இரண்டும் வேறு நிர்வாகம், வேறு பதிவேடு. ஜெயில் என்பது கவுண்டியுடையது. கவுண்டி என்றால் நம் மாவட்டம் போல. டெக்சாஸில் 254 கவுண்டிகள் இருக்கின்றன. ஜெயிலை அந்தந்தக் கவுண்டியின் ஷெரிஃப், அதாவது கவுண்டியின் காவல் தலைவர், நடத்துகிறார். கைதானவர் முதலில் போவது அங்கேதான், அல்லது நகரப் போலீஸின் சிறிய லாக்கப் வழியாக அங்கே. அடைபட்டிருப்பவர்களில் பெரும்பாலோர் விசாரணைக் கைதிகள். யாரும் அவர்களைக் குற்றவாளி என்று தீர்ப்புச் சொல்லிவிடவில்லை. பிரிசன் என்பது மாநிலத்துடையது, தண்டனை பெற்றவர்களுக்கானது. டெக்சாஸ் குற்றவியல் நீதித் துறை அதை நடத்துகிறது. அதன் தேடல் பக்கத்தில் இப்போது உள்ளே இருப்பவர்கள் மட்டுமே வருவார்கள். வேலை நாட்களில் மட்டும் புதுப்பிப்பார்கள்.

ஒன்பது நாளில் ஒருவர் மாநிலச் சிறைக்குப் போய்ச் சேர்வது மிக அரிது. எனவே அங்கே தேடிவிட்டு, பெயர் இல்லை என்று நிம்மதி அடையவும் வேண்டாம், பதறவும் வேண்டாம். நீங்கள் தேட வேண்டியது கவுண்டி ஜெயில். (‘ஸ்டேட் ஜெயில்’ என்று ஒரு பெயரும் உங்கள் கண்ணில் படும். 1993-இல் டெக்சாஸ் உருவாக்கிய தனி வகை அது. பெயரில் ஜெயில் என்று இருந்தாலும் மாநிலத் துறையுடையது.)

எந்தக் கவுண்டி என்பதில்தான் கேட்டி என்ற ஊர் தொல்லை தரும். ஹாரிஸ், ஃபோர்ட் பெண்ட், வாலர் ஆகிய மூன்று கவுண்டிகள் சந்திக்கும் இடத்தில் அந்த ஊர் இருக்கிறது. டாலஸ் பக்கம் நம்மவர்கள் நிறைய வாழும் ஃபிரிஸ்கோவும் இப்படித்தான். பாதி காலின் கவுண்டியில், பாதி டென்டனில். அதோடு, வீடு எங்கே என்பது கணக்கில்லை. கைது எங்கே நடந்ததோ அந்தக் கவுண்டிதான் கணக்கு. சனிக்கிழமை இரவு ஹூஸ்டன் நகரத்துக்குள் பிடித்திருந்தால் பெரும்பாலும் ஹாரிஸ் கவுண்டி. சுகர்லேண்டில் நண்பர் வீட்டுக்குப் போய்த் திரும்பும் வழியில் என்றால் ஃபோர்ட் பெண்டாக இருக்கலாம். என் தொழிலின் தொடக்கத்தில் ஒரு குடும்பத்திடம், ஒரே ஒரு கவுண்டியில் பார்த்துவிட்டு “இல்லை” என்று சொல்லியிருக்கிறேன். அந்தப் பையன் பக்கத்துக் கவுண்டியில் மூன்று நாள், யாரும் வரவில்லையே என்று உட்கார்ந்திருந்தான். அவன் அம்மாவின் முகம் இன்றும் என் நினைவில் இருக்கிறது. அன்றிலிருந்து சுற்றியுள்ள எல்லாக் கவுண்டிகளையும் பார்க்காமல் “இல்லை” என்ற சொல்லை நான் சொல்வதில்லை. நீங்களும் ஹாரிஸ், ஃபோர்ட் பெண்ட், வாலர் மூன்றையும் பாருங்கள். ‘ஷெரிஃப் அலுவலகம்’ என்று கவுண்டியின் பெயரோடு சேர்த்துத் தேடினால் அவர்களுடைய சொந்தப் பக்கம் கிடைக்கும்.

அடுத்து வருவது பெயர். தமிழ்க் குடும்பங்கள் தோற்றுப்போவது பெரும்பாலும் இங்கேதான்.

நமக்குக் குடும்பப் பெயர் கிடையாது. அப்பா பெயரின் முதலெழுத்து, பிறகு நம் பெயர், அவ்வளவுதான். இங்கே ஒவ்வொரு பதிவேடும் கடைசிப் பெயரை வைத்தே நடக்கிறது. தம்பியின் பாஸ்போர்ட்டை (நகல் வீட்டில் இருக்கும்) எடுத்துப் பாருங்கள். அதில் ‘சர்நேம்’ என்ற இடம் காலியாக இருந்தால், அமெரிக்க விசாவில் அவருடைய முழுப்பெயரும் கடைசிப் பெயர் இடத்துக்குப் போயிருக்கும்; முதற்பெயர் இடத்தில் ‘எஃப்.என்.யு.’ என்று மூன்று எழுத்து அச்சிட்டிருப்பார்கள். முதற்பெயர் தெரியவில்லை என்பதன் சுருக்கம் அது. அதே மூன்று எழுத்து ஓட்டுநர் உரிமத்துக்கும், அங்கிருந்து ஜெயில் பதிவேட்டுக்கும் போய்விடும். பெயர் முருகன், அப்பா பெயர் சுப்பையா என்று வைத்துக்கொள்வோம். வீட்டார் ‘எஸ். முருகன்’ என்று தேடுவார்கள். பதிவேட்டிலோ கடைசிப் பெயர் ‘முருகன் சுப்பையா’, முதற்பெயர் ‘எஃப்.என்.யு.’ என்று இருக்கும். அல்லது கடைசிப் பெயர் ‘சுப்பையா’, முதற்பெயர் ‘முருகன்’ என்று இருக்கும். அப்பா பெயரால் ஒருவர் ஜெயிலில் அழைக்கப்படுவது இங்கே சாதாரணம்.

எனவே ஒவ்வொரு கவுண்டியிலும் கடைசிப் பெயர்க் கட்டத்தில் தம்பி பெயர், அப்பா பெயர், இரண்டும் சேர்ந்த பெயர், எஃப்.என்.யு. என்று ஒவ்வொன்றாகப் போட்டுப் பாருங்கள். நம் பெயர்களின் நீளத்தைத் தட்டச்சு செய்பவர்கள் அடிக்கடி தவறவிடுகிறார்கள். முதல் நான்கைந்து எழுத்தை மட்டும் போட்டால் பல பக்கங்கள் ஏற்றுக்கொள்ளும். பிறந்த தேதியைச் சரிபார்க்கும்போது, இங்கே மாதத்தை முன்னால் எழுதுவார்கள் என்பதை மறக்காதீர்கள். 7.4 என்று நாம் எழுதும் ஏப்ரல் 7, இங்கே 4/7. தேதி ஒத்துப்போகவில்லை என்று சரியான ஆளையே விட்டுவிடக் கூடாது.

இணையத்தில் கிடைக்காவிட்டால் போன் செய்யுங்கள். மார்ச் முதல் நவம்பர் தொடக்கம் வரை நம் இரவு எட்டு மணி என்பது ஹூஸ்டனில் காலை ஒன்பதரை, குளிர்காலத்தில் எட்டரை. ஜெயில் தகவல் பிரிவில் பெயரையும் பிறந்த தேதியையும் சொல்லி, “இவர் உங்கள் காவலில் இருக்கிறாரா?” என்று மட்டும் கேளுங்கள். ஆங்கிலம் தடுமாறினால் கல்லூரி போகும் பிள்ளை யாரையாவது பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

அவர் ஏன் உங்களை அழைக்கவில்லை என்ற கேள்வி உங்களைத் தின்றுகொண்டிருக்கும். கோபமோ வெட்கமோ காரணமாக இருக்க வேண்டியதில்லை. கவுண்டி ஜெயில்களின் தொலைபேசியில் வெளிநாட்டு எண்ணுக்கு நேராகப் பேசுவது பெரும்பாலும் முடியாத காரியம். அவருடைய செல்போன் உடைமைப் பையில் போட்டு மூடி வைக்கப்பட்டிருக்கும். இந்தக் காலத்தில் எத்தனை பேருக்கு எண்கள் மனப்பாடமாக இருக்கின்றன?

பெயர் கிடைத்துவிட்டால் அதில் வரும் கைதி எண்ணை முதலில் குறித்துக்கொள்ளுங்கள். ஹாரிஸ் கவுண்டியில் அதை ‘எஸ்.பி.என்.’ எண் என்பார்கள். வழக்கறிஞர், தூதரகம், ஜெயில் என்று யாரிடம் பேசினாலும் பெயரைவிட இந்த எண் வேகமாக வேலை செய்யும். குற்றச்சாட்டு, ஜாமீன் தொகை, வழக்கு எண், அடுத்த வாய்தா தேதி ஆகியவையும் இருக்கும். குற்றச்சாட்டின் பெயரைப் பார்த்து மனம் உடைந்துவிடாதீர்கள். அது தொடக்கத்தில் பதிவான வரி மட்டுமே. அரசு வழக்கறிஞர் அதை மாற்றலாம், குறைக்கலாம், கைவிடலாம்.

ஜாமீன் தொகையைப் பார்த்ததும் நகையை எடுத்துக்கொண்டு அடகுக் கடைக்குப் போகத் தோன்றும். பொறுங்கள். அந்தப் பக்கத்தில் ‘ஹோல்ட்’ அல்லது ‘டிடெய்னர்’ என்ற சொல் இருக்கிறதா என்று பாருங்கள். ஜெயிலில் எடுக்கும் கைரேகை குடிவரவுத் துறைக்கும் போகிறது. அமெரிக்காவிலேயே இந்த ஏற்பாடு 2008 அக்டோபரில் முதலில் தொடங்கியது ஹாரிஸ் கவுண்டியில்தான். குடிவரவுத் துறை கேட்டுக்கொண்டால், ஜாமீன் கிடைத்த பிறகும் சனி, ஞாயிறு, விடுமுறை நீங்கலாக 48 மணி நேரம் வரை ஜெயில் அவரைப் பிடித்துவைத்து, அவர்களிடம் ஒப்படைக்கும். அப்படி ஒரு ஹோல்ட் இருக்கும்போது யோசிக்காமல் ஜாமீன் கட்டினால், ஜெயிலிலிருந்து வெளியே வருபவர் வீட்டுக்கு வருவதில்லை. ஜாமீன் ஏஜென்ட் மூலம் கட்டினால் கொடுக்கும் கட்டணம், பெரும்பாலும் தொகையில் பத்தில் ஒரு பங்கு, திரும்பி வராது. குற்றவியல் வழக்கும் குடிவரவுச் சட்டமும் தெரிந்த வழக்கறிஞரிடம் பேசிய பிறகே பணத்தைத் தொடுங்கள். வழக்கறிஞருக்கு வசதி இல்லை என்றால், சிறைத் தண்டனை கிடைக்கக்கூடிய குற்றவியல் வழக்கில் நீதிமன்றமே ஒருவரை நியமிக்கும். குடிமகனாக இருக்க வேண்டியதில்லை. குற்றத்தை ஒப்புக்கொண்டால் விசா நிலை என்னவாகும் என்பதை அந்த வழக்கறிஞர் சொல்லியாக வேண்டும் என்று 2010-இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்திருக்கிறது. “ஒப்புக்கொண்டால் இன்றே வீட்டுக்குப் போகலாம்” என்று யாராவது சொன்னால், தம்பி அந்தக் கேள்வியைக் கேட்காமல் கையெழுத்துப் போடக் கூடாது.

மூன்று கவுண்டியிலும் பெயர் இல்லை என்றால்? அவர் ஏற்கெனவே வெளியே வந்திருக்கலாம். பல ஜெயில்களின் பட்டியலில் இப்போது உள்ளே இருப்பவர்கள் மட்டுமே இருப்பார்கள். அப்போது கவுண்டியின் நீதிமன்றப் பதிவில் தேடுங்கள். ஆள் வெளியே வந்தாலும் வழக்கு அங்கே இருக்கும். வழக்கைப் பார்த்தால் ஆளைப் பிடித்துவிடலாம்.

அங்கும் இல்லாவிட்டால் குடிவரவுத் துறையின் காவல். அதற்கு இணையத்தில் தனித் தேடல் பக்கம் உண்டு. ‘ஐஸ்’ அமைப்பின் கைதித் தேடல் என்று தேடுங்கள். ‘ஏ-நம்பர்’ (குடிவரவுத் துறை வெளிநாட்டவருக்குத் தரும் எண்) இருந்தால் அதையும் பிறந்த நாட்டையும் போடலாம். ஆனால் ஹெச்-1பி விசாவில் வந்த பலருக்கு அந்த எண்ணே இருக்காது. பெயரை வைத்துத் தேடினால் ஓர் எழுத்துகூட மாறக் கூடாது. பிறந்த நாடு இந்தியா என்று தேர்ந்தெடுக்க வேண்டும். நான் மேலே சொன்ன பெயர்க் குழப்பம் மிகவும் கொல்வது இங்கேதான். ஹூஸ்டன் வட்டாரத்தில் பிடிபட்டவர்களை ஹூஸ்டனிலோ கான்ரோ ஊரிலோ உள்ள தடுப்பு மையத்தில் வைப்பது வழக்கம்; ஆனால் வேறு இடத்துக்கு மாற்றுவதும் அடிக்கடி நடக்கிறது. ஆகவே தினமும் பாருங்கள். அமெரிக்க மத்திய அரசின் குற்ற வழக்கு என்றால் மத்தியச் சிறைத் துறையின் பக்கம் தனி; 1982 முதல் உள்ளவர்களின் பெயர்கள் அதில் இருக்கின்றன.

இதையெல்லாம் செய்துகொண்டிருக்கும்போதே, இன்றே, ஹூஸ்டனில் உள்ள இந்தியத் துணைத் தூதரகத்துக்கு எழுதுங்கள். வெளியுறவு அமைச்சகத்தின் ‘மதத்’ இணையப் பக்கத்திலும் புகார் பதியுங்கள். வெளிநாட்டவரைக் கைது செய்தால் அவருடைய தூதரகத்துக்குத் தெரிவிக்கலாம் என்ற உரிமையை அவரிடம் சொல்ல வேண்டும் என்பது 1963 வியன்னா உடன்படிக்கை. ஆனால் இந்தியரைப் பொறுத்தவரை, அவர் கேட்டால்தான் தெரிவிப்பார்கள். இந்த உரிமையைச் சொல்லாமல் விட்டதும் இந்த மாநிலத்தில் நடந்திருக்கிறது. மெக்சிகோவைச் சேர்ந்த ஹோசே மெடயின் என்பவருக்கு அது சொல்லப்படவில்லை. சர்வதேச நீதிமன்றம் வரை போன பிறகும், 2008 ஆகஸ்டில் டெக்சாஸ் அவருக்கு மரண தண்டனையை நிறைவேற்றியது. உங்கள் தம்பியின் வழக்கு அத்தகையது என்று சொல்லவில்லை. யாராவது தெரிவித்திருப்பார்கள் என்று நம்பிக் காத்திருக்க வேண்டாம் என்பதற்காகச் சொல்கிறேன்.

பெண் வீட்டார் கண்ணில் படுமா என்று கேட்டிருந்தீர்கள். படலாம். உங்களுக்குத் தேட உதவும் அதே சட்டம் அவர்களுக்கும் உதவும். கைதின்போது எடுத்த புகைப்படத்தை எடுத்துப் போட்டு, நீக்க வேண்டுமானால் பணம் கொடு என்று கேட்கும் நிறுவனங்களும் இருக்கின்றன. நீங்கள் சந்தித்த பக்கத்தின் உறவுக்காரர்கள் அவர்கள். 2013-இல் டெக்சாஸ் இவர்களைக் கட்டுப்படுத்தச் சட்டம் இயற்றியது. தவறான தகவலை எழுத்தில் சுட்டிக்காட்டினால் காசு வாங்காமல் விசாரித்துத் திருத்த வேண்டும். நீதிமன்றம் அழிக்கச் சொன்ன பதிவை வெளியிட்டால் அபராதம். எனவே அவர்களுக்கும் பணம் கொடுக்காதீர்கள்.

வழக்கு தள்ளுபடியானாலோ, விடுதலை கிடைத்தாலோ, கைதின் பதிவையே அழிக்க உத்தரவு கேட்க டெக்சாஸில் வழி உண்டு. அதைக் கேட்கும் முன் நீதிமன்றத்தின் முத்திரையிட்ட தீர்ப்பு நகல்களை மூன்று நான்கு வாங்கிப் பத்திரப்படுத்தச் சொல்லுங்கள். பதிவு அழிந்தாலும் விசா விண்ணப்பம், “எப்போதாவது கைதானதுண்டா?” என்று கேட்கும். உண்மையைச் சொல்ல வேண்டும், சொன்னதற்குக் காகிதம் வேண்டும். அழித்த பிறகு நீதிமன்றத்தில் போய்க் கேட்டால் அங்கே எதுவும் இருக்காது. குடித்துவிட்டு வண்டி ஓட்டியதாகக் கைதானால், தீர்ப்பு வரும் முன்பே அமெரிக்கத் தூதரகம் விசாவை ரத்து செய்யும் நடைமுறையும் இருக்கிறது. எனவே வழக்கு முடியும் வரை ஊருக்கு வந்துவிட்டுப் போகலாம் என்று அவர் டிக்கெட் எடுத்துவிடக் கூடாது. கல்யாண நாள் குறிக்கும்போது இதையும் மனத்தில் வையுங்கள். பெண் வீட்டாரிடம் இன்றே சொல்ல வேண்டிய அவசியம் இல்லை. என்ன நடந்தது என்று உங்களுக்கே தெரிந்த பிறகு, இணையத்தில் அவர்கள் பார்க்கும் முன், நீங்களே சொல்லிவிடுவது நல்லது என்பது என் கருத்து.

இன்னொன்று. பதிவு பொதுவில் இருப்பதால் மோசடிக்காரர்களும் அதைப் படிக்கிறார்கள். ஷெரிஃப் அலுவலகத்திலிருந்து பேசுகிறேன், உடனே பணம் அனுப்பினால் விட்டுவிடுவோம், கிஃப்ட் கார்டு எண்ணைச் சொல்லுங்கள் என்று அழைப்பு வரலாம். எந்த ஷெரிஃப் அலுவலகமும் அப்படிக் கேட்காது. வைத்துவிட்டு, ஜெயிலின் எண்ணுக்கு நீங்களே அழைத்துக் கேளுங்கள்.

தம்பி இருக்கும் இடம் தெரிந்ததும், ஹூஸ்டனில் உள்ள நண்பர் ஒருவர் மூலம் ஜெயிலின் தொலைபேசிக் கணக்கில் பணம் போட்டு, பேச ஏற்பாடு செய்வீர்கள். அந்த அழைப்பு பதிவு செய்யப்படும். தமிழில் பேசினால் யாருக்குப் புரியும் என்று எண்ண வேண்டாம். மொழிபெயர்த்து நீதிமன்றத்தில் வைப்பார்கள். அதனால், “என்னடா நடந்தது?” என்று கேட்காதீர்கள். அவராகத் தொடங்கினாலும் நிறுத்துங்கள். சாப்பிட்டாயா, தூங்கினாயா, மாத்திரை ஏதும் வேண்டுமா என்று கேளுங்கள். வழக்கறிஞரின் பெயரைச் சொல்லி, அவர் வரும்வரை யாரிடமும் எதுவும் பேச வேண்டாம் என்று சொல்லுங்கள். உங்கள் போன் எண்ணை மெதுவாக இரண்டு முறை சொல்லி, அவரைத் திருப்பிச் சொல்லச் சொல்லுங்கள்.